மிர்யாமும் மர்யமும் ஒன்றுதான்: ஒரு பெயர் தேடும் செயலி பற்றி

தங்கை மகளுக்குப் பெயர் தேட இறக்கியது இந்தச் செயலி. ஒலிப்பதிவுகள் அருமை, எபிரேய 'மிர்யாம்', அரபு 'மர்யம்' இரண்டையும் அந்தந்த மொழிக்காரர்களே சொல்லிக் கேட்கலாம். அதற்கே பணம் தகும்.

ஆனால் இரண்டையும் தொடர்பில்லாத பெயர்களாகத் தனித்தனிப் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். இது பெரிய குறை. இரு எழுத்து முறையிலும் மெய்கள் அதே நான்குதான்: ம், ர், ய், ம். மாறுவது உயிரொலி மட்டும். அதிலும் எபிரேய வேதாகமத்தின் கிறிஸ்துவுக்கு முந்தைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவாகிந்தில் மோசேயின் அக்கா மிர்யாம் 'மரியாம்' என்றே வருகிறாள். அதாவது அரபு வடிவம் பழைய அகர ஒலியை விடாமல் வைத்திருக்கிறது. எபிரேய உச்சரிப்பில்தான் அது பின்னாளில் இகரமானது. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது, செயலியில் ஒரு வரிகூட இல்லை. குர்ஆனின் 19ஆம் அத்தியாயத்துக்கே 'மர்யம்' என்று பெயர், அதுவும் இல்லை.

யோசேஃப்–யூசுஃப், ஷ்லோமோ–சுலைமான் ஜோடிகளுக்கும் இதே கதி. தேடலும் எழுத்துக்கு எழுத்து பொருந்தினால்தான் காட்டும்.

உச்சரிப்புக்காக வாங்கலாம். பெயரின் உறவுமுறை தெரிய வேண்டுமென்றால் நல்ல அகராதியைப் புரட்டுங்கள். 5க்கு 3.