மூன்று கல் சிலுவை டாலர்: புதுச்சேரியில் வாங்குமுன் பார்க்க வேண்டியவை

புதுச்சேரி மிஷன் வீதியில், சம்பா கோயில் பக்கமுள்ள ஒரு நகைக்கடையில் உறுதிபூசுதல் என்னும் கத்தோலிக்கத் திருச்சடங்குக்கும் திருமணத்துக்கும் பரிசளிக்க இந்த டாலரைச் செய்து தருகிறார்கள். சிலுவையின் உச்சியில் விசுவாசத்துக்கு வெண்முத்து, அடியில் நம்பிக்கைக்கு நங்கூரமும் மரகதமும், நடுவில் அன்புக்கு இதய வடிவ மாணிக்கம். நங்கூரம் பைபிளின் எபிரெயர் 6:19-லிருந்து வருகிறது. வெள்ளை, பச்சை, சிவப்பு இந்த மூன்று புண்ணியங்களுக்கும் பழைய நாளிலிருந்தே உரிய நிறங்கள்.

முத்தும் மரகதமும் 4 மில்லிமீட்டர், மாணிக்கம் மட்டும் 5. 'இவற்றுள் அன்பே பெரிது' என்று பவுலடியார் சொன்னதை அளவிலேயே காட்டிவிட்டார்கள். கையில் கிடைத்த கல்லை வைத்து அடைக்காமல் வசனத்தைப் படித்துவிட்டுச் செய்த வேலை. எங்களுக்கு இதில் மிகவும் பிடித்தது இதுதான்.

பில்லும் நேர்மையாக இருக்கிறது. மொத்த எடை 4.850 கிராம், தங்கம் 4.600. மூன்று கல்லும் சேர்ந்து 1.25 கேரட், 5 கேரட் ஒரு கிராம் என்பதால் அது 0.250 கிராம். இதைக் கழிக்காமல் பில் போட்டால் கால் கிராம் தங்கத்தின் விலையும் அதன் மேல் சேதாரமும் வீணாகப் போகும். 22 காரட்டுக்கான 916 முத்திரையும், ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரப்படும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளமான ஹெச்யுஐடியும் இருக்கின்றன. இந்த அடையாளத்தை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பாருங்கள். ஆனால் அந்த முத்திரை தங்கத்துக்கு மட்டும்தான். கல்லுக்குத் தனிச் சான்றிதழ் கேட்க வேண்டும்.

முக்கியமாக மாணிக்கத்துக்கு. சூடேற்றி நிறம் கூட்டிய மாணிக்கம் சந்தையில் சாதாரணம், அதில் தவறில்லை. விரிசலில் ஈயக் கண்ணாடி நிரப்பியதுதான் ஆபத்து. பத்து மடங்கு லென்ஸில் உள்ளே காற்றுக் குமிழ் தெரியும், சாய்த்தால் நீலமாக மினுக்கும். ஆசாரி பற்றவைத்த பிறகு நகையை அமிலத்தில் போட்டாலே அந்தக் கண்ணாடி அரித்துவிடும். இந்தக் கடையில் பின்பக்கம் திறந்தபடி பதிப்பதால் கல்லை இருபுறமும் பார்க்கலாம். அடைத்த பதிப்பு என்றால் வேண்டாம்.

குறைகள் மரகதத்திலும் முத்திலும். மரகதத்தைப் பிடித்திருக்கும் நான்கு கால்களும் மெலிந்தவை. 22 காரட் தங்கம் மென்மையானது, சேலை நூலில் மாட்டி இழுத்தால் கால் நிமிர்ந்துவிடும். கல் எப்போது விழுந்தது என்றுகூடத் தெரியாது. கல்லைச் சுற்றித் தங்க விளிம்பு கட்டித் தரச் சொல்லுங்கள், அல்லது 18 காரட்டில் செய்யச் சொல்லுங்கள். முத்து பசையில்தான் நிற்கிறது. வியர்வையும் சென்ட்டும் பட்டால் பசை தளரும், முத்தின் பளபளப்பும் மங்கும்.

சுத்தம் செய்ய அல்ட்ராசோனிக் மெஷினில் போட விடாதீர்கள். மரகதத்தின் விரிசல்களுக்குள் ஏற்றிய எண்ணெய் வெளியேறி, கல் வெளிறிவிடும். மாணிக்கத்தையும் மரகதத்தையும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் மெல்லிய பிரஷ்ஷால் தேய்க்கலாம். முத்தை ஈரத்துணியால் துடைத்தால் போதும். வளையம் அறுந்து பற்றவைக்கக் கொடுத்தால், முத்தையும் மரகதத்தையும் கழற்றிய பிறகே நெருப்புக் காட்ட வேண்டும். லேசர் வெல்டிங் வசதி இருக்கும் பட்டறை கிடைத்தால் கழற்றவே தேவைப்படாது.