போட் கீயா, கிளார்க் கீயா?

சிங்கப்பூர் ஆற்றங்கரையில் ஒரு மாலைதான் கையில் இருக்கிறது என்றால், போட் கீ, கிளார்க் கீ என்ற இரண்டு பழைய படகுத்துறைகளில் எங்கே போவது? என் ஓட்டு போட் கீக்கு.

1860களில் சிங்கப்பூரின் கப்பல் வணிகத்தில் முக்கால்வாசி இங்கேதான் நடந்தது. கப்பலிலிருந்து சரக்கை இறக்கிக் கரைசேர்க்கும் படகுகளை ஆரம்பத்தில் ஓட்டியவர்களில் பலர் சோழமண்டலக் கரையிலிருந்து போன சூலியாக்கள், அதாவது பெரும்பாலும் தமிழ் முஸ்லிம்கள். சீனர்கள் அந்தத் தொழிலைப் பிடித்தது அப்புறம்தான். பக்கத்திலேயே மார்க்கெட் தெருவில் செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய கிட்டங்கிகள். இப்போது கிட்டங்கி இல்லை, வட்டிக்கடை இல்லை. வங்கிக் கோபுரங்கள் நிற்கின்றன. அதுவும் பணம் புழங்கும் இடம்தானே!

1977இல் தொடங்கிய ஆற்றுத் தூய்மைப் பணியின்போது, 1983இல் சரக்குப் படகுகள் தென்மேற்குக் கடற்கரையிலுள்ள பாசிர் பாஞ்சாங் பக்கம் அனுப்பப்பட்டன. நாற்றம் போனது, தொழிலும் போனது. பழைய கடைவீடுகள் மட்டும் பாதுகாக்கப்பட்டு உணவகங்களாயின. வாசலில் நின்று சாப்பிடக் கூப்பிடும் ஆட்கள்தான் கொஞ்சம் தொல்லை.

கிளார்க் கீ ஆற்றின் மேல்பக்கம். ஆளுநர் ஆண்ட்ரூ கிளார்க்கின் பெயர். கிடங்குகள் இருந்த இடம், 1993இல் கேளிக்கைப் பகுதியானது. தெருவுக்கு மேலே பெரிய கூரை இருப்பதால் மழை வந்தாலும் கவலையில்லை; குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதுவே சௌகரியம். ஆனால் பூச்சு அதிகம், பழமையைத் தேடத்தான் வேண்டும்.

சரி, இரண்டுக்கும் நடந்தே போய்விடலாம், தூரம் அதிகமில்லை. போட் கீயில் தொடங்குங்கள்.