குழித்துறைக் கடவில் ஒரு பூட்டு

குமரி மாவட்டம் குழித்துறை ஆற்றுக் கடவில் (படித்துறையில்) அப்பாவுக்கு வாவுபலி, அதாவது அமாவாசைத் தர்ப்பணம், போடுவதற்காகவே இந்த முறை லீவை ஆடியில் எடுத்தேன். துபாயில் இருந்து வந்த மூன்றாம் நாள் ஆடி அமாவாசை. அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. அவளும் ஆற்றில் முங்கியே ஆவேன் என்றாள்.

தென்மேற்குப் பருவமழையில் எங்கள் குழித்துறைத் தாமிரபரணி கலங்கி, இரு கரையும் தொட்டுப் போனது. கோதையாறும் பரளியாறும் மூவாற்றுமுகத்தில் சேர்ந்து வருகிற தண்ணீர், அந்தக் குளிர் மாறவே இல்லை. வாழையிலையில் எள்ளும் பச்சரிசியும் தர்ப்பையும் வைத்து, போத்தி (பூசாரி) சொல்லச் சொல்லச் செய்தோம். எல்லாம் நல்லபடி முடிந்தது.

கரையேறியதும்தான் சங்கடம். ‘பெண்கள் உடை மாற்றும் அறை’ என்று பச்சைப் பெயிண்டில் எழுதிய புத்தம்புது கட்டடம், கதவில் உள்ளங்கை அகலத்தில் ஒரு பூட்டு. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். பிளீச்சிங் பவுடர் மூட்டையும் அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகளும்! சாவி வைத்திருப்பவர் மார்த்தாண்டம் போயிருக்கிறார், இப்போ வருவார் என்றார்கள். முக்கால் மணி நேரம் ஆகியும் வரவில்லை. ஈரச் சேலையோடு அம்மாவின் தாடை நடுங்கியது. "போட்டும் மக்களே, காரிலேயே மாத்திக்கிடுதேன்" என்றாள். துபாய்க் கடற்கரையில் நான் போன நேரமெல்லாம் உடை மாற்றும் அறை திறந்துதான் இருந்தது. இங்கே வருசத்தில் பெண்கள் அதிகம் வருகிற நாளிலேயே பூட்டா? எனக்கு நெஞ்சு கொதித்தது.

பூ விற்ற ஒரு அக்காதான் எழுந்து வந்தார். "அம்மே, இஞ்ச வாங்கோ" என்று ஒரு டபுள் முண்டை, இரட்டை வேட்டியை, விரித்தார். முன்பின் தெரியாத இரண்டு பெண்கள் ஆளுக்கொரு முனையைப் பிடித்து மறைப்பாக நின்றார்கள். சின்ன வயசில் ஆத்தாவுக்கு சித்திமார் இப்படித்தான் பிடிப்பார்கள். அன்று அறை கிடையாது. இன்று அறை இருந்தும் முண்டுதான் வேண்டியிருந்தது. காசு நீட்டினேன், அந்த அக்கா கையைக்கூட நீட்டவில்லை.

கடவில் வீணான நேரத்தால் திருவட்டாறு கோயிலில் நடை சாத்தும் தறுவாயில்தான் நுழைந்தோம். 418 வருடம் கழித்து 2022 ஜூலையில் கும்பாபிஷேகம் கண்ட கோயில். அன்று வர எனக்கு லீவு கிடைக்கவில்லை. 22 அடி நீளத்தில் மேற்கு பார்த்துக் கிடக்கிற ஆதிகேசவப் பெருமாளை மூன்று வாசல் வழியாகத்தான் முழுசாகப் பார்க்க முடியும். பாதம் தெரிகிற வாசலில் அம்மா நகரவே மாட்டேன் என்று நின்றாள். சட்டையைக் கழற்றிக் கையில் வைத்தபடி நானும் நின்றேன்.

மறுநாள் காலை தனியாகக் கடவுக்குப் போய்ப் பார்த்தேன். பூட்டு அப்படியே கிடந்தது. அந்த அக்காவையும் காணவில்லை. அடுத்த வாவுக்கு அம்மாமாரைக் கூட்டிப் போகிறவர்கள் ஒரு டபுள் முண்டும் நாலைந்து சேஃப்டி பின்னும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.