நிழலுக்குச் செடி கேட்டால் திருப்பிக் கேள்வி கேட்கும் நர்சரி

தாம்பரம் தாண்டிப் படப்பை போகும் வழியில், பச்சை வலைக்குக் கீழே இருக்கிறது இந்த நர்சரி. பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்து ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை. எனவே பெயர் கேட்காதீர்கள். மற்ற இடங்களில் "நிழல்ல வருமா?" என்று கேட்டால் எந்தச் செடிக்கும் ஒரே பதில்தான்: "சூப்பரா வரும் மேடம்." இங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர், "வெயில் எந்தப் பக்கத்துல, எத்தனை மணிக்கு வருது?" என்று ஆரம்பித்தார்.

எங்கள் வீட்டின் வடக்குப் பக்கம் ஐந்தடிச் சந்து. மார்கழியில் பொட்டு வெயில் கிடையாது. இதைச் சொன்னதும், "சரிம்மா, சித்திரைல?" என்றார். ஆளை எனக்குப் பிடித்துப்போனது அங்கேதான். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்தில் நேர் உச்சிக்கு வரும் சூரியன், ஆகஸ்ட் நடுப்பகுதி வரை மத்தியானத்தில் சற்று வடக்கே சாய்ந்துதான் நிற்கும். மாதக்கணக்கில் நிழலாகக் கிடந்த சந்தில் சரியாகக் கத்திரி சமயத்தில் உச்சி வெயில் இறங்கும். நிழலிலேயே பழகின மெல்லிய இலை அதில் பொசுங்கிவிடும். அதனால் சந்துக்கு இரண்டையும் தாங்குகிற நந்தியாவட்டையும் ஷெஃப்லெராவும் கொடுத்தார். நந்தியாவட்டை அங்கே கொஞ்சம் குறைவாகத்தான் பூக்கும் என்பதையும் சொல்லியே கொடுத்தார். ராபிஸ் பனை வருஷம் பூரா நிழல் இருக்கும் மாமரத்தடிக்குப் போனது. தரையில் வைத்தால் மாமர வேர் தண்ணீரையெல்லாம் இழுத்துக்கொள்ளும், பெரிய தொட்டியிலேயே இருக்கட்டும் என்றார்.

இட்லிப்பூ கேட்டேன். "இலை வரும், பூ வராது. வேணாம்" என்று தள்ளி வைத்துவிட்டார். குரோட்டன்ஸுக்கும் அதே கதி. நிழலில் அதன் சிவப்பும் மஞ்சளும் மங்கிப் பச்சையடித்துவிடும். செடி கைவசம் இருந்தும் விற்க மாட்டேன் என்கிற வியாபாரி!

இங்கே அவசியம் வாங்க வேண்டியது டெல்லி கனகாம்பரம். சாதாக் கனகாம்பரத்தின் காய்ந்த காயில் தண்ணீர் பட்டால் பட்டென்று வெடித்து விதை தெறிக்கும். டெல்லி ரகம் விதை கட்டாது, தண்டை ஒடித்து வைத்துத்தான் பெருக்க வேண்டும். அந்தப் பதியன்களை இங்கேயே போடுகிறார்கள், கறுப்புப் பைகளில் வரிசையாக. செடி 40 ரூபாய். காலையில் இரண்டு மூன்று மணி நேரம் வெயில் படுகிற சமையலறை ஜன்னலோரத்தில் வைத்தேன், பூத்துக்கொண்டே இருக்கிறது.

குறையும் உண்டு. பெரிய செடிகள் ஆந்திராவில் ராஜமுந்திரி பக்கத்துக் கடியத்திலிருந்து லாரியில் வருகின்றன. பையைக் கிழித்தால் வேரைச் சுற்றிக் களிமண் உருண்டை, கல் மாதிரி. அப்படியே தொட்டியில் வைத்தால் ஊற்றுகிற தண்ணீர் ஓரமாக வழிந்து போய்விடும், உருண்டைக்குள் இறங்காது. வாளித் தண்ணீரில் ஊறவைத்து, வேர் அறுபடாமல் விரலால் கொஞ்சம் உதிர்த்துவிட்டு நட வேண்டும். இதை அங்கே யாரும் சொல்லி அனுப்பவில்லை. பெரியவர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் பில் போடும் பையன் டிஃபன்பாகியாவைத் தலையில் கட்டினான். நிழலுக்கு அருமையான செடிதான். ஆனால் அதைக் கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். கூடவே என் மூன்று வயதுப் பேரன் நின்றுகொண்டிருந்தான். பையன் வாயே திறக்கவில்லை. இப்போது அது மொட்டை மாடிப் படிக்கட்டில், கைக்கெட்டாத உயரத்தில் இருக்கிறது.

விலை எழுதி வைப்பதில்லை, கேட்டால்தான் தெரியும். ராபிஸுக்கு 650 சொன்னார்கள், 500க்குப் படிந்தது. கனகாம்பரத்தில் பேரம் நடக்காது. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் பெரியவரிடம் நின்று பேச முடியாது. வாரநாளில், பதினோரு மணிக்கு முன்னால் போங்கள். போகும் முன் உங்கள் தோட்டத்தில் வெயில் வந்து போகும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், கட்டாயம் கேட்பார்.