ஸ்டாட் புரோவில் ஸ்லாப் மேல் பாயின்ட் லோடு: எதுவரை நம்பலாம்?

திருப்பூர் பனியன் கம்பெனி மாடியில் மெஷின் ஏற்றவோ, கோவைப் பட்டறையின் முதல் தளத்தில் கம்ப்ரஸர் வைக்கவோ ஸ்லாபைச் சரிபார்க்க ஸ்டாட் புரோ என்ற கட்டமைப்புக் கணக்கீட்டு மென்பொருள் தாராளமாகப் போதும். பாயின்ட் லோடு, அதாவது ஒரே புள்ளியில் இறங்கும் சுமை, கொடுக்கும் இடம்தான் கொஞ்சம் வம்பு.

மாடலில் ஸ்லாப் என்பது சிறு சிறு பிளேட்டுகளின் வலை. பிளேட் லோடில் கான்சன்ட்ரேட்டட் எடுத்தால், சுமை பிளேட்டில் எங்கே என்று எக்ஸ், ஒய் கேட்கும். அந்த அளவு பிளேட்டின் மூலையிலிருந்து இல்லை, நடுவிலிருந்து. ஒரு மீட்டர் பிளேட்டில் ஓரத்திலிருந்து 0.2 மீட்டர் என்றால் -0.3 போட வேண்டும். திசையை லோக்கல் இசட்டிலேயே (பிளேட்டின் சொந்த அச்சு) விட்டால், நோடு (மூலைப் புள்ளி) வரிசை மாறிய பிளேட்டில் சுமை மேலே தூக்கும். குளோபல் ஒய்யில் (மொத்த மாடலின் செங்குத்து அச்சு) மைனஸ் கொடுப்பதே பத்திரம்.

மெஷ் (பிளேட் வலை) பெரிதானால் மொமென்ட், அதாவது ஸ்லாபை வளைக்கும் விளைவு, மழுங்கும். பொடியாக்கினால் சுமைக்கு நேர் கீழே ஏறிக்கொண்டே போகும், ஓரிடத்தில் நிற்காது. ரிசல்ட் படத்தில் சிவப்பாகத் தெரியும் அந்த உச்சப் புள்ளியை நம்பிக் கம்பி போட்டால் கம்பிக்கடைக்காரருக்குத்தான் லாபம்.

அதனால் சுமையைப் பரப்பிக் கொடுங்கள். மெஷின் கால் ஒன்றுக்கு 5 கிலோநியூட்டன், அடித்தகடு 150 மி.மீ. சதுரம், ஸ்லாப் தடிமன் 150 மி.மீ. என்று வைப்போம். 45 டிகிரியில் பாதி ஆழம்வரை விரித்தால் 300 மி.மீ. சதுரம், சுமார் 55.6 கிலோநியூட்டன்/ச.மீ. காலைச் சுற்றி 150 மி.மீ. மெஷ் போட்டால் சரியாக நான்கு பிளேட்; அவற்றின் முழுப் பரப்புக்கும் இந்த பிரஷரைக் கொடுங்கள்.

பஞ்சிங் ஷியரை (கால் ஸ்லாபைத் துளைத்து இறங்கும் அபாயம்) இந்தியக் கான்கிரீட் தரவிதியான ஐஎஸ் 456 படி, தகட்டு ஓரத்திலிருந்து டி/2 தூரத்தில் (டி என்பது ஸ்லாபின் எஃபெக்டிவ் டெப்த்), கையாலேயே பார்த்துவிடுங்கள். மெஷினைத் தனி லோடு கேஸாக வைத்தால், நான்கு காலுக்கும் சேர்த்து ரியாக்‌ஷன் 20 கிலோநியூட்டன் வருகிறதா என்று உடனே தெரியும்.