வெள்ளவத்தையில் முதியோருக்கான தசை வலுப் பயிற்சி: மூன்று மாத அனுபவம்

எழுபத்திரண்டு வயதான என் அம்மா கதிரையின் கைப்பிடிகளை ஊன்றாமல் எழும்ப முடியாத நிலைக்கு வந்த பிறகுதான், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் உள்ள இந்த முதியோர் பயிற்சி நிலையத்தில் அவரைச் சேர்த்தேன். கிழமைக்கு இரண்டு நாள், நாளுக்கு ஒரு மணித்தியாலம்.

முதல் நாளே என் நம்பிக்கையைப் பெற்றது, அவர்கள் அளந்து பார்த்த விதம். கைகளை மார்பின் குறுக்கே கட்டியபடி ஐந்து முறை எழுந்து அமர அம்மாவுக்கு 17 விநாடி சென்றது. பிடிவலுவை, அதாவது கையால் இறுக்கிப் பிடிக்கும் பலத்தை, அளக்கும் கருவியை அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தியபோது முள் 15 கிலோவில் நின்றது. ஆசிய நாட்டவருக்கென 2019 இல் வகுக்கப்பட்ட அளவுகோலின்படி, பெண்களுக்கு 18 கிலோவுக்குக் குறைந்த பிடிவலுவும், ஐந்து முறை எழும்ப 12 விநாடியோ அதற்கு மேலோ எடுப்பதும் கவனிக்க வேண்டிய குறைவுகள். 17 நாடுகளில் ஏறக்குறைய 140,000 பேரைத் தொடர்ந்து அவதானித்து 2015 இல் வெளியான பியூர் ஆய்வில், பிடிவலு 5 கிலோ குறையும் ஒவ்வொரு படிக்கும் இறப்பு அபாயம் 16 சதவீதம் கூடியிருந்தது. கையை மட்டும் பலப்படுத்தினால் ஆயுள் கூடும் என்று இதற்குப் பொருளில்லை. முழு உடலின் நிலையைப் பிடிவலு காட்டிக்கொடுக்கிறது.

வயதானவர்களை இருத்திக் கையைக் காலை ஆட்டச் சொல்வதோடு முடித்துவிடும் வகுப்புகளை நான் பார்த்திருக்கிறேன். இங்கே பாரம் கூடிக்கொண்டே போகிறது. கணுக்காலில் கட்டும் மணற்பை அரைக் கிலோவில் தொடங்கி, பத்து முறை உயர்த்துவது இலகுவானதும் ஒரு கிலோவாகி, இப்போது இரண்டரைக் கிலோவில் நிற்கிறது. "பிள்ளை, இனி ஏலாது" என்று அம்மா சொன்னபோது, பயிற்சியாளர் அவருடைய முழங்காலுக்குக் கீழே தன் கையைத் தாங்கலாக வைத்து, "இன்னும் இரண்டே இரண்டு, அம்மா" என்று பொறுமையாகக் காத்திருந்தார். 1990 இல் பொஸ்ரன் நகரில் தொண்ணூறு வயதை எட்டிய முதியோர் எட்டு வாரம் இவ்வாறு பாரம் தூக்கியபோது, அவர்களுடைய கால்வலு சராசரியாக 174 சதவீதம் உயர்ந்தது. முதுமையில் தசை வளராது என்று பேசுபவர்கள் இதை அறிந்துகொள்ள வேண்டும்.

குறைகளும் உண்டு. நிலையம் முதலாம் மாடியில் இருக்கிறது, லிஃப்ட் இல்லை, படிக்கட்டில் ஒரு பக்கம் மட்டுமே கைப்பிடி. நடக்கவே தடுமாறுபவர்கள் வரும் இடத்துக்கு இது பொருந்தாது. விழாமல் காக்கும் சமநிலைப் பயிற்சிக்குப் பத்து நிமிடம்தான் ஒதுக்குகிறார்கள். முதியோர் அதைக் கிழமைக்கு மூன்று நாளாவது செய்ய வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு சொல்வதால், மீதியை நாங்கள் வீட்டில், சமையலறை மேசையைப் பிடித்துக்கொண்டு செய்கிறோம். உணவு அட்டவணை முழுவதும் கோழியும் முட்டையுமாக இருந்தது; சைவக்காரரான அம்மாவுக்குப் பயறு, கடலை, தயிர் என்று கேட்டு எழுதுவிக்க வேண்டியிருந்தது.

மூன்று மாத முடிவில் அம்மாவின் நேரம் 13 விநாடி, பிடிவலு 17 கிலோ. இரண்டிலும் எல்லையைத் தாண்ட இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அடுத்த மூன்று மாதத்துக்கும் பணம் கட்டிவிட்டேன்.