இங்கிலீஷ் பிளஸ் கோடிங் சம்மர் கேம்ப்: மகளை அனுப்பிப் பார்த்ததில்

போன மே மாதம் மகளை ஒரு சம்மர் கேம்பில் சேர்த்திருந்தோம். திருச்சி தில்லைநகரில், காலை பத்திலிருந்து ஒரு மணி வரை, இருபது நாள். பாதி நேரம் ஸ்போக்கன் இங்கிலீஷ், பாதி நேரம் கோடிங், அதாவது கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதுவது, 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு. கட்டணம் 6,500 ரூபாய். சேர்ந்த பிறகு டி ஷர்ட்டுக்கும் சர்டிபிகேட்டுக்கும் என்று இன்னொரு 500 வாங்கினார்கள், அதை முதலில் யாரும் சொல்லவில்லை. இந்த வருடம் சேர்க்கலாமா என்று தெரிந்தவர்கள் நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள், ஒவ்வொருவரிடமும் போனில் அரை மணி நேரம் பேசுவதற்கு ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். இடத்தின் பெயர் போடவில்லை. குறையும் சொல்லப் போகிறேன், தவிர இதே மாதிரி நோட்டீஸ் அடித்து நடத்துகிற இடம் அந்தப் பக்கத்திலேயே இன்னும் நாலு இருக்கும், எல்லாவற்றுக்கும் இது பொருந்தும் என்றுதான் நினைக்கிறேன்.

மகள் அப்போது ஒன்பதாவது முடித்திருந்தாள். ஸ்ரீரங்கத்தில் அரசு உதவி பெறும் பள்ளி, தமிழ் மீடியம். இங்கிலீஷ் பரீட்சையில் எண்பதுக்குக் குறையாமல் வாங்குவாள், ஆனால் யாராவது இங்கிலீஷில் ஒரு கேள்வி கேட்டால் என் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். கம்ப்யூட்டர் என்றால் பள்ளி லேபில் உறை போட்டு மூடி வைத்திருக்கும் பெட்டி, அவ்வளவுதான் பழக்கம். நான் பணம் கட்டியது இங்கிலீஷுக்காகத்தான். கோடிங்கை இலவச இணைப்பு மாதிரி நினைத்திருந்தேன்.

முதலில் அந்த இங்கிலீஷ் வகுப்பு. மிஸ் நல்லவர், பொறுமைசாலி, அதில் குறையில்லை. பாடத்திட்டம்தான் நம் காலத்து ஸ்போக்கன் இங்கிலீஷ் புத்தகத்தை அப்படியே ஜெராக்ஸ் எடுத்த மாதிரி இருந்தது. "மை செல்ஃப்" என்று ஆரம்பிக்கக் கூடாது, "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்" என்று சொல்லக் கூடாது, இப்படிச் செய்யக் கூடாதவற்றின் பட்டியலே நாலு நாள் ஓடியது. அப்புறம் எல்லோரும் தங்களைப் பற்றிப் பத்து வரி எழுதி, மனப்பாடம் செய்து, எழுந்து நின்று ஒப்பிக்க வேண்டும். என் மகள் வீட்டில் துணி மடிக்கும்போதுகூட அந்தப் பத்து வரியை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பேச்சு வந்ததா என்றால் இல்லை, பத்து வரி வந்தது.

இதில் ஒரு உண்டியல் வேறு. வகுப்பில் தமிழில் பேசினால் ஐந்து ரூபாய் அபராதம். இந்த யோசனை யாருக்குத் தோன்றியதோ தெரியவில்லை, மூன்றாம் நாளே பிள்ளைகள் இதற்கு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். வாயையே திறக்காமல் இருந்தால் காசு போகாது! "இன்னைக்கு நான் ஒரு ரூபாகூட கட்டலம்மா" என்று பெருமையாக வந்து சொன்னாள். அப்படியென்றால் இன்றைக்கு என்னதான் பேசினாய் என்று கேட்டால் சிரிக்கிறாள். நோட்டீசில் "தயக்கம் போகும்" என்று போட்டிருந்தார்கள், இங்கே தயக்கத்துக்குக் காசு மிச்சமாகிக்கொண்டிருந்தது.

கோடிங் முதல் ஐந்து நாள் ஸ்க்ராட்ச். தெரியாதவர்களுக்கு: அமெரிக்காவில் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் உருவாக்கியது, 2007இல் வெளிவந்தது, கட்டளைகளைக் கட்டம் கட்டமாக இழுத்து ஒன்றோடொன்று பொருத்தி ஒரு பூனையை நடக்க வைக்கலாம், பேச வைக்கலாம். முக்கியமாக 8 முதல் 16 வயதுப் பிள்ளைகளை மனதில் வைத்துச் செய்தது. புதிதாகத் தொடுகிறவர்களுக்கு நல்ல தொடக்கம்தான். ஆனால் அந்த பேட்ச்சில் சிபிஎஸ்இ பள்ளியில் ஏற்கெனவே பைத்தான் என்ற நிரல் மொழியைப் படித்த பதினாறு வயதுப் பையன்களும் இருந்தார்கள், அவர்கள் பூனையைப் பார்த்துக் கொட்டாவி விட்டார்கள். சேரும்போது யாருக்கு எவ்வளவு தெரியும் என்று ஒரு சின்ன டெஸ்ட் வைத்துப் பிரித்திருந்தால் தீர்ந்திருக்கும். வைக்கவில்லை.

இதைவிடப் பெரிய குறை, இருபத்து நாலு பேருக்குப் பன்னிரண்டு கம்ப்யூட்டர். ஒன்றுக்கு இரண்டு பேர் என்றால் கணக்குச் சரிதான், ஆனால் மவுஸ் ஒன்றுதானே? என் மகளுக்கு ஜோடியாக வந்த பெண் கெட்டிக்காரி, மவுஸை விடவே இல்லை, இவளும் கேட்கிற ரகம் இல்லை. நாலு நாள் பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள், ஐந்தாம் நாள்தான் எனக்கே தெரிய வந்தது. நேரே போய்ப் பேசினேன். மறுநாளிலிருந்து இருபது நிமிடத்துக்கு ஒரு முறை கைமாற வேண்டும் என்று அலாரம் வைத்துவிட்டார்கள். சொன்னவுடன் சரிசெய்தார்கள், அதற்கு மார்க் உண்டு, நாலு நாள் போனது போனதுதான்.

ஆறாம் நாள் பைத்தான் ஆரம்பித்தது. என் அபிப்பிராயம் மாறத் தொடங்கியதும் அங்கிருந்துதான்.

கோடிங் சொல்லிக்கொடுத்தவர் காலேஜ் முடித்துக் கொஞ்ச காலமே ஆன பையன். அவர் ஒரு விதி வைத்திருந்தார். எர்ரர் வந்தால் "சார்" என்று கூப்பிடக் கூடாது, முதலில் திரையில் இருப்பதைச் சத்தமாகப் படிக்க வேண்டும், அது என்ன சொல்கிறது என்று தமிழிலோ இங்கிலீஷிலோ சொல்ல வேண்டும், அப்புறம்தான் அவர் வருவார். பைத்தானில் வரிகளை உள்ளே தள்ளி எழுதுவது அழகுக்காக இல்லை, தள்ளாவிட்டால் நிரலே ஓடாது. "எக்ஸ்பெக்டட் அன் இன்டென்டெட் பிளாக்" என்று நிற்கும். அதைப் படித்த ஒரு பிள்ளை, இங்கிலீஷ் மிஸ் லெட்டர் எழுதும்போது பாரா தொடக்கத்தில் இன்டென்ட் விடச் சொன்னாரே, அதே இன்டென்டா என்று கேட்டிருக்கிறான். அதேதான்! இந்த ஒரு கேள்வியைக் கேட்டதற்கே அந்தப் பையனுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுக்கலாம்.

வீட்டில் என் தங்கை மகன் கொடுத்த பழைய லேப்டாப் ஒன்று இருக்கிறது, அதில் பைத்தானின் புதிய பதிப்பைப் போட்டுக் கொடுத்தான். கேம்பில் இருந்ததெல்லாம் விண்டோஸ் 7 ஓடுகிற பழைய மிஷின்கள், பைத்தான் 3.9இலிருந்து விண்டோஸ் 7இல் ஓடாது என்பதால் அதற்கு முந்தைய பதிப்பை வைத்திருந்தார்கள். இதனால் ஒரு வேடிக்கை. பிரிண்ட் என்பதை எழுத்து மாற்றி அடித்துவிட்டால் கேம்ப் கம்ப்யூட்டர் "இப்படி ஒரு பெயரே கிடையாது" என்று மொட்டையாகச் சொல்லும், வீட்டு லேப்டாப் அதையே சொல்லிவிட்டு "டிட் யூ மீன் பிரிண்ட்?" என்றும் கேட்கும். "நம்ம வீட்டுக் கம்ப்யூட்டர்தாம்மா மரியாதையா பேசுது" என்றாள். அன்றிலிருந்து "டிட் யூ மீன்" வீட்டில் எல்லோர் வாயிலும் வந்துவிட்டது, அவள் அப்பா சாம்பாரில் உப்பு இல்லை என்றால்கூட.

அந்தக் கேம்பில் எது நன்றாக இருந்தது என்று கேட்டால் பன்னிரண்டாம் நாளைத்தான் சொல்வேன். திருப்பிப் படித்தாலும் அதே வார்த்தையாக வருகிறதா என்று கண்டுபிடிக்க நிரல் எழுதச் சொல்லியிருக்கிறார் சார். "மேடம்" என்று இங்கிலீஷ் எழுத்தில் கொடுத்தால் "ட்ரூ" வருகிறது. "மலையாளம்" என்பதை இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தாலும் "ட்ரூ". என் மகள் கூகுளில் இருந்து "விகடகவி" என்பதைத் தமிழில் எடுத்து ஒட்டியிருக்கிறாள். "ஃபால்ஸ்" வந்துவிட்டது. தெனாலிராமன் கதை கேட்டு வளர்ந்த பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? கம்ப்யூட்டர் தப்பு, சார் தப்பு, பைத்தானே தப்பு என்று ஒரே கூச்சல். எல்லாம் தமிழில்தான். அன்றைக்கு உண்டியலை யாரும் நினைக்கவே இல்லையாம்.

சார் அசடு வழியாமல், "எனக்குத் தெரியல, நாளைக்குச் சொல்றேன்" என்றிருக்கிறார். மறுநாள் வந்து சொல்லியும் கொடுத்தார். நாம் ஒன்றாம் வகுப்பில் "வி" என்பதை ஓர் உயிர்மெய் என்று படித்தோம், கம்ப்யூட்டர் எழுத்துகளைக் குறித்து வைக்கிற யூனிகோடு முறையில் அது ஒன்றில்லை, "வ" தனி, இகரத்துக்காகப் போடுகிற குறி தனி. விகடகவி நமக்கு ஐந்தெழுத்து, கம்ப்யூட்டருக்கு ஏழு. எண்ணிச் சொல்லச் சொன்னால் ஏழு என்றுதான் சொல்கிறது. அதைத் திருப்பிப் போட்டால் கடைசியில் இருந்த குறி முதலில் வந்து, ஒட்டிக்கொள்ள எழுத்தில்லாமல் ஒரு புள்ளி வட்டத்தோடு தொங்குகிறது. இதைச் சரிசெய்யத் தமிழை எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும் "ஓப்பன் தமிழ்" என்ற இலவசப் பைத்தான் நூலகம் (ஆயத்தமாக எழுதி வைத்த நிரல்களின் தொகுப்பு) இருக்கிறதாம், அதையும் காட்டினார்.

அந்த வாரம் இங்கிலீஷ் மிஸ் வழக்கமான தலைப்பை விட்டுவிட்டு, "வொய் டிட் இட் சே ஃபால்ஸ்?" என்று தனக்கு விளக்கச் சொல்லியிருக்கிறார். அவருக்கு உண்மையிலேயே தெரியாது, அதுதான் விசேஷம். கேட்கிறவருக்குப் பதில் தெரியாதபோது ஒப்பிக்க முடியாதல்லவா? என் மகள் போர்டில் ஏழு கட்டம் போட்டுக் காட்டி, தப்பும் தவறுமாக இரண்டு நிமிடம் பேசியிருக்கிறாள். வீட்டுக்கு வந்து என்னிடமும் பேசிக் காட்டினாள். ஒரு இடத்தில் "தி வவன்னா ஈஸ் செப்பரேட், தி சைன் ஈஸ் செப்பரேட்" என்றாள். நான் திருத்தவில்லை. ஒன்பது வருடம் இங்கிலீஷ் படித்த பெண் மனப்பாடம் செய்யாமல் பேசி அன்றுதான் முதல் முறை கேட்டேன்.

கடைசி வாரம் ஆளுக்கொரு புராஜெக்ட். இவள் எடுத்தது ஈபி பில். யூனிட்டைக் கொடுத்தால் தொகை வர வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒரு பில், அப்போது முதல் 100 யூனிட் இலவசம், அப்புறம் படிப்படியாக ரேட், "இப்படியென்றால் இது, இல்லையென்றால் அது" என்கிற இஃப் எல்ஸ் பழக இதைவிட நல்ல கணக்கு கிடையாது. நான் மீட்டர் ரீடிங் எழுதுகிற வெள்ளை அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சோதித்தேன். 380 யூனிட்டுக்குச் சரியாக வந்தது, ஏசி ஓடிய பில்லுக்கு மட்டும் இடித்தது. 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் 101இலிருந்தே ரேட் அப்போது கூடிவிடும் என்பது அவளுக்குத் தெரியாது. அவள் அப்பாவுக்கும் தெரியாது, தெரிந்திருந்தால் ஏசியை அப்படி ஓட்டியிருக்க மாட்டார்.

நிறைவு விழா பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மேடையில் பாதிப் பிள்ளைகள் காட்டிய புராஜெக்ட் சார் எழுதிக் கொடுத்தது, பிள்ளைகள் விளக்கத்தை மட்டும் மனப்பாடம் செய்திருந்தார்கள், பெற்றோர் போனில் வீடியோ எடுத்துக்கொண்டோம். என் மகளின் ஈபி பில் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டது, யூனிட் கேட்ட இடத்தில் பதற்றத்தில் எழுத்தை அடித்துவிட்டாள். நின்றதும் பழக்கதோஷத்தில் மைக்கிலேயே எர்ரரைச் சத்தமாகப் படித்தாள், அது ஒன்றுதான் அன்றைக்கு யாரும் எழுதிக் கொடுக்காதது. நோட்டீசில் பெரிய எழுத்தில் போட்டிருந்த ஏஐ, ஒரு மணி நேரம் சாட்பாட்டிடம் கேள்வி கேட்டதோடு முடிந்தது.

பணத்துக்குத் தகுமா? ஸ்க்ராட்ச் இலவசம், பைத்தான் இலவசம், நம் பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயன்ஸ் பாடப் புத்தகத்தில் பைத்தான் இருக்கிறது, தமிழ் மீடியத்துக்குத் தமிழிலேயே, அதையும் சும்மாவே இறக்கிக்கொள்ளலாம். வீட்டில் கம்ப்யூட்டரும் சொல்லிக்கொடுக்க ஆளும் இருந்தால் கோடிங்குக்காக 7,000 செலவு செய்ய வேண்டியதில்லை. ஏற்கெனவே பைத்தான் தெரிந்த பிள்ளை என்றால் அனுப்பவே வேண்டாம். என் மகள் மாதிரி, புத்தக இங்கிலீஷ் இருந்தும் வாய் திறக்காத பிள்ளை என்றால் அனுப்பலாம், ஆனால் இங்கிலீஷ் வகுப்பை நம்பி இல்லை, அந்தக் கோடிங் சாரை நம்பி. அவர் இந்த வருடமும் இருக்கிறாரா என்று கேளுங்கள். ஒரு கம்ப்யூட்டருக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள், வாயால் சொன்னால் போதாது, லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். டி ஷர்ட் காசு கட்டணத்தில் சேர்ந்ததா என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். அந்த உண்டியல் இன்னும் மேஜை மேல் இருந்தால், அதை எடுத்துவிடச் சொல்லிவிட்டு அப்புறம் பணத்தைக் கட்டுங்கள்.